ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: ஏழு வீட்டுக்காரர்கள் சேர்ந்து அமர்த்திய சொலிசிட்டர் அலுவலகம் பற்றி

2024 பிப்ரவரியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. 3,440 பவுண்டு பாக்கி இருக்கிறது, பதினான்கு நாட்களுக்குள் கட்டவும் என்று எழுதியிருந்தது. என் பங்கை நான் முந்தைய டிசம்பரிலேயே கட்டிவிட்டேன். ரசீது என் கோப்பில் இருந்தது. கடிதத்தை அனுப்பியது எதிர்த்தரப்பு அல்ல. இருபது மாதங்கள் எங்களுக்காக வேலை செய்த எங்கள் சொந்த சொலிசிட்டர் அலுவலகம், அதாவது எங்கள் வழக்கறிஞர் அலுவலகம். இருவர் கட்டாமல் விட்ட தொகையை முழுவதும் என் ஒருத்தியின் பெயரில் கேட்டிருந்தார்கள்.

அந்த அலுவலகத்தைப் பற்றிய என் மதிப்பீடு இது. பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை அவர்களிடம் மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இங்கிலாந்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு சொலிசிட்டரிடம் போகும் எந்த வேலையிலும் இது நேரலாம். அண்ணன் தம்பிகள் சேர்ந்து உயில் விவகாரத்துக்குப் போனாலும், கடைப் பங்காளிகள் சேர்ந்து குத்தகை விவகாரத்துக்குப் போனாலும் இதே வரி அவர்கள் கையெழுத்திடும் தாளிலும் இருக்கக்கூடும்.

எங்கள் கட்டடம் தெற்கு லண்டனில் இருக்கிறது. மூன்று தளங்கள், பத்து ஃபிளாட்டுகள். நான் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்கிறேன்; 2011 முதல் ஏழாம் எண்ணில் குடியிருக்கிறேன். எங்கள் ஃபிளாட்டுகள் லீஸில், அதாவது நீண்ட காலக் குத்தகையில் இருப்பவை; நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டர் என்ற உரிமையாளருடையவை. 2022 தொடக்கத்தில் எங்கள் லீஸில் 84 ஆண்டுகள் மீதமிருந்தன. இந்த நாட்டில் லீஸ் வீடு வைத்திருப்பவர்களுக்கு 80 என்ற எண் தெரிந்திருக்கும். அதற்குக் கீழே இறங்கிவிட்டால், நீட்டிப்பதற்கோ நிலத்தோடு கட்டடத்தை வாங்குவதற்கோ கொடுக்க வேண்டிய தொகையில் ‘மேரேஜ் வேல்யூ’ என்ற இன்னொரு பகுதியும் சேர்ந்துவிடும். அதற்கு முன்பே ஃப்ரீஹோல்டை, அதாவது நிலம் கட்டடத்தின் முழு உரிமையை, எல்லோருமாகச் சேர்ந்து வாங்கிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி தருகிறது. கட்டடத்திலுள்ள ஃபிளாட்டுகளில் குறைந்தது பாதி சேர வேண்டும். பத்தில் ஏழு வீடுகள் சேர்ந்தன.

முதல் கூட்டம் என் வீட்டில் நடந்தது. ஐந்தாம் எண்ணில் இருக்கும் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எல்லோரும் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் ஒன்றைக் கேட்டார்: “ஒருவர் காசு கட்டாவிட்டால் என்ன செய்வது?” கூட்டம் அதைக் கடந்து போய்விட்டது. படித்தவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள், பத்து வருடமாக ஒரே வாசலில் ஏறி இறங்குகிறவர்கள். யார் கட்டாமல் போகப்போகிறார்கள் என்ற எண்ணம்தான். கூட்டம் கலைந்த பிறகு கதவருகே நின்று அவர் என்னிடம் மட்டும் தமிழில் சொன்னார்: “சீட்டுச் சேருகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி இதுதானே, பிள்ளை?” சீட்டுப் பிடிக்கும் ஊரில் பிறந்த எனக்கும் அது அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

சொலிசிட்டரின் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்குக் குறையே இல்லை. எங்கள் கோப்பைப் பார்த்தவர் ஒரு பெண்மணி. ஃப்ரீஹோல்டருக்கு அனுப்பும் நோட்டீஸில் ஒரு பிழை இருந்தாலும் மொத்த வேலையும் சரிந்துவிடும் என்பதால், பத்து லீஸ்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றில் வண்டி நிறுத்துமிடத்தின் வரைபடம் மாறியிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். நாங்கள் 71,000 பவுண்டுக்கு வாங்குகிறோம் என்று நோட்டீஸ் கொடுத்தோம். ஃப்ரீஹோல்டர் பதில் நோட்டீஸில் 1,28,000 கேட்டார், பின்புறத் தோட்டத்தையும் தன்னிடமே வைத்துக்கொள்ள முயன்றார். அதன்பின் தீர்ப்பாயத்துக்குப் போக ஆறு மாதக் கெடு உண்டு. அந்தக் கெடு முடிவதற்கு ஒரு மாதம் முன்பாகவே 93,000 பவுண்டுக்கு, தோட்டத்தோடு சேர்த்து, பேசி முடித்தார். தொலைபேசியில் சுருக்கமாகப் பேசுவார். சொன்ன நாளில் சொன்னதைச் செய்வார். இந்தப் பகுதிக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

குறை, கட்டணத்தை அவர்கள் கையாண்ட விதத்தில் இருக்கிறது.

வேலை தொடங்கும்போது பதினான்கு பக்கக் கடிதம் ஒன்று வந்தது. இங்கே சொலிசிட்டர்கள் எல்லோரும் அனுப்புவார்கள்: யார் வேலை செய்வார், மணிக்கு எவ்வளவு, புகார் என்றால் யாரிடம் சொல்வது என்ற விவரங்கள். மணிக்கு 280 பவுண்டு, அதன்மேல் 20 சதவீதம் வாட் வரி. மொத்தம் 9,000 பவுண்டும் வரியும் ஆகலாம் என்ற மதிப்பீடு முதல் பக்கத்திலேயே இருந்தது. ஏழு பேருக்கும் தனித்தனியாக அனுப்பினார்கள், ஏழு பேரும் கையெழுத்திட்டோம். ஆளுக்கு 800 பவுண்டு முன்பணம் கட்டினோம்.

ஒன்பதாம் பக்கத்தில், பொது நிபந்தனைகளுக்கு நடுவே, மின்னஞ்சலின் பாதுகாப்பைப் பற்றிய பத்திக்கும் பழைய கோப்புகளை எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பார்கள் என்ற பத்திக்கும் இடையே ஒரு வரி. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து எங்களை அமர்த்தினால், எங்கள் கட்டணத்துக்கு அவர்கள் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பாவார்கள் என்றது அது.

நான் அதைப் படித்தேன். ‘தனித்தனியாகவும்’ என்ற சொல்லை, அவரவர் பங்குக்கு அவரவர் பொறுப்பு என்றுதான் புரிந்துகொண்டேன். சாதாரண மொழியில் அதற்கு அந்தப் பொருள்தான் வரும். சட்டத்தில் அதன் பொருள் நேர் எதிரானது. ஏழு பேரில் ஒவ்வொருவரும் மொத்தக் கட்டணத்துக்கும் கடன்பட்டவர். அலுவலகம் ஏழு பேரையும் சேர்த்துக் கேட்கலாம்; யாராவது ஒருவரைப் பிடித்து முழுத் தொகையையும் கேட்கலாம். அவர்களுக்கு ஒரு முறைக்கு மேல் பணம் கிடைக்காது, அவ்வளவுதான் எங்களுக்கு உள்ள பாதுகாப்பு. நமக்குள் ஏழில் ஒரு பங்கு என்று பேசி வைத்திருந்தால் அது நமக்குள் உள்ள பேச்சு. அது சொலிசிட்டரைக் கட்டாது.

அடுத்த வாரமே இன்னொரு மின்னஞ்சல் வந்தது. நீங்கள் விரும்பினால் உங்களுக்கிடையே ஒரு பங்கேற்பு ஒப்பந்தம் தயாரித்துத் தருகிறோம், 600 பவுண்டும் வரியும் ஆகும் என்று ஒரே வரி. 720 பவுண்டு, ஆளுக்கு ஏறத்தாழ 103. ஏழு பேரும் ஒரே மாலையில் ‘தேவையில்லை’ என்று முடிவு செய்தோம். அந்த முடிவுக்கு எனக்கும் பொறுப்பு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் எதற்கு என்று இரண்டே வாக்கியம் சேர்த்திருக்கலாம். யாராவது நடுவில் விலகினால் அதுவரையான செலவு யார் தலையில் விழும், யாராவது வீட்டை விற்றால் என்ன, பணம் எந்தத் தேதிக்குள் வந்து சேர வேண்டும், வராவிட்டால் மற்றவர்களுக்கு என்ன வழி என்பதையெல்லாம் எழுதி வைப்பதற்குத்தான் அது. இதைச் சொல்லாமல் விலையை மட்டும் சொன்னால், ஏழு பேர் இருக்கும் கூட்டத்தில் ‘வேண்டாம்’ என்ற பதில்தான் வரும்.

2022 செப்டம்பரில் மூன்றாம் எண் வீட்டம்மா விலகினார். நோட்டீஸ் இன்னும் போகவில்லை. கணவருக்கு உடல்நலம் சரியில்லை, சேமிப்பில் கைவைக்க முடியாது என்றார். ஆறு பேர் மிச்சம், பத்தில் பாதிக்கு மேல் என்பதால் வேலை தொடர்ந்தது. எட்டாம் எண்ணில் இருந்தவர் கடைசிவரை கூடவே வந்தார். வாங்கும் விலையில் தன் பங்கான 15,500 பவுண்டையும் கொடுத்தார். 2023 அக்டோபரில் பத்திரம் முடிந்தது. நவம்பரில் அவர் வீட்டை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார்.

கடைசி பில் டிசம்பரில் வந்தது.

இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆறு பேரின் பெருந்தொகை சொலிசிட்டர் அலுவலகத்தின் கணக்கு வழியாகத்தான் ஃப்ரீஹோல்டருக்குப் போனது. அவருடைய நியாயமான சட்டச் செலவையும் மதிப்பீட்டுச் செலவையும் சட்டப்படி நாங்கள்தான் ஏற்க வேண்டும் என்பதால் அதையும் அப்போதே வசூலித்து அனுப்பினார்கள். எல்லோரும் ஆர்வமாகப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் தங்கள் பில்லையும் சேர்த்து வைத்திருந்தால் எட்டாம் எண்ணின் பங்கு அன்றே வந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து, சாவி கைமாறிய பிறகு, அவருடைய பழைய முகவரிக்குப் பில் போயிருக்கிறது.

பில் தொகை 14,700 பவுண்டு, வரியோடு 17,640. முதலில் சொன்னது 9,000. நடுவில் ஒரு முறைகூட, தொகை கூடிக்கொண்டு போகிறது என்ற தகவல் எங்கள் யாருக்கும் வரவில்லை. முன்பணம் 5,600 போக மீதி 12,040. அதை ஏழால் வகுத்து ஆளுக்கு 1,720 என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். நாங்கள் ஐந்து பேர் கட்டினோம். மூன்றாம் எண்ணும் எட்டாம் எண்ணும் கட்டவில்லை. 3,440 எஞ்சியது, பிப்ரவரியில் என் பெயருக்குக் கடிதம் வந்தது. ஏன் எனக்கு என்று தொலைபேசியில் கேட்டபோது அலுவலகத்தில் வெளிப்படையாகவே சொன்னார்கள்: பட்டியலில் முதல் பெயர் உங்களுடையது, தொடர்புக்கு இருந்தவரும் நீங்கள்தான். பணம் முழுதாக வரும்வரை எங்கள் கோப்பைக் கொடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னார்கள். சொலிசிட்டருக்கு அப்படி ஒரு பற்றுரிமை இருக்கிறது.

அன்று மாலை நான் எங்கள் சொலிசிட்டரையே அழைத்து, மூன்றாம் எண் தன் பங்கைக் கொடுக்கத்தானே வேண்டும் என்று கேட்டேன். “உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயத்தில் நான் எவருக்கும் ஆலோசனை சொல்ல முடியாது. இருவருமே என் கட்சிக்காரர்கள்” என்றார். அப்போது அது என்னை மிகவும் புண்படுத்தியது. பிறகு யோசித்துப் பார்த்ததில் அவர் சரியாகத்தான் நடந்திருக்கிறார். ஒரே வேலைக்காக அமர்த்தியவர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டால், ஒருவர் பக்கம் நின்று இன்னொருவருக்கு எதிராக வேலை செய்ய விதிகள் சொலிசிட்டரை அனுமதிப்பதில்லை. இதற்கு முன்பும் ஒரு முறை இதே சுவரில் முட்டியிருக்கிறேன். எட்டாம் எண்ணிடம் பணம் இருக்குமா என்ற சந்தேகத்தைச் சொலிசிட்டருக்கு மட்டும் எழுதியபோது, இந்த வேலை தொடர்பாக ஒருவர் சொல்வதை மற்ற ஆறு பேரிடமிருந்து மறைக்க முடியாது என்று பதில் போட்டார். ஒரு சொலிசிட்டரைப் பலர் பகிர்ந்துகொண்டால், அவரிடம் தனியாகச் சொல்ல எதுவும் இருக்க முடியாது. இதையும் முதல் நாளே நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

நான் பணத்தைக் கட்டவில்லை. புகார் எழுதினேன்.

இங்கே எனக்குத் தெரியாமல் போன ஒரு தேதியைச் சொல்கிறேன், மற்றவர்கள் தவறவிடக் கூடாது என்பதற்காக. 1974ஆம் ஆண்டின் சொலிசிட்டர் சட்டப்படி, பில் வந்த ஒரு மாதத்துக்குள் கேட்டால் அதை நீதிமன்றம் மதிப்பிட்டுச் சரிபார்ப்பது கட்சிக்காரரின் உரிமை. அந்த மாதம் கழிந்தால் ஒரு வருடம்வரை கேட்கலாம், ஆனால் நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம். ஒரு வருடத்துக்குப் பின் சிறப்புச் சூழ்நிலை இருப்பதாகக் காட்ட வேண்டும். மதிப்பீட்டில் பில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அந்த நடவடிக்கையின் செலவு சொலிசிட்டர் தலையில் விழும். குறையாவிட்டால் வழக்கமாக அது நம் தலையில். எங்கள் பில் டிசம்பரில் வந்தது, எனக்குக் கோபம் வந்தது பிப்ரவரியில். உரிமையாகக் கேட்கும் மாதம் போயிருந்தது.

ஆகவே அலுவலகத்துக்கே புகார். அவர்களுக்கு எட்டு வாரம் அவகாசம். பதில் திருப்தியாக இல்லாவிட்டால், அதன்பின் ஆறு மாதத்துக்குள், வழக்கறிஞர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் லீகல் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. என் புகாரில் கூட்டுப் பொறுப்பை நான் மறுக்கவில்லை. கையெழுத்திட்டிருக்கிறேன், அது செல்லும். நான் கேட்டது வேறு. சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் நடத்தை விதி, மொத்தச் செலவு எவ்வளவு ஆகலாம் என்பதைத் தொடக்கத்தில் மட்டுமல்லாமல் வேலை நடக்கும்போதும் தேவையான கட்டங்களில் இயன்ற அளவு தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 9,000 என்று சொன்னது 14,700 ஆகும்வரை ஒரு வரி எழுதாதது ஏன்? பத்திரம் முடிந்த வாரத்தில் பில் கொடுக்காதது ஏன்? இரண்டு கேள்விகள், ஒரே பக்கம், தேதிகளோடு.

ஏழாவது வாரம் பதில் வந்தது. எழுதியவர் அந்த அலுவலகத்தின் மூத்த பங்குதாரர். செலவு கூடியதைத் தெரிவிக்கத் தவறியதை ஒப்புக்கொண்டார். 1,500 பவுண்டையும் அதற்கான வரியையும், ஆக 1,800 பவுண்டைக் குறைத்தார். சுற்றி வளைக்காத கடிதம். மன்னிப்பு என்ற சொல் அதில் நேராகவே இருந்தது, அதற்கு என் மரியாதை. எஞ்சியது 1,640. ஐயா உட்பட நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கு 328 போட்டு அதைத் தீர்த்தோம். கோப்பு கைக்கு வந்தது. ஆம்பட்ஸ்மன்வரை நான் போகவில்லை.

கோப்போடு நேரப் பதிவுகளும் வந்தன. எந்தத் தேதியில் யார் எத்தனை நிமிடம் வேலை செய்தார்கள் என்ற பட்டியல். மருந்தகத்தில் இருப்பைக் கணக்குப் பார்ப்பதுபோல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதைப் பிரித்தேன். உண்மையில் நான் மூன்றாம் எண் வீட்டம்மாவுக்கு எதிராக ஆதாரம் திரட்டத்தான் உட்கார்ந்தேன். 1,720 கட்டாமல் போய்விட்டார் என்று பல மாதமாகப் படிக்கட்டில் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

அவர் விலகிய நாள்வரை நடந்த வேலை 6,300 பவுண்டு, வரியோடு 7,560. அதை ஏழு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,080. அவர் ஏற்கெனவே 800 கொடுத்திருக்கிறார். அவர் தர வேண்டியது 280 பவுண்டு.

விலகிய பிறகு நடந்த வேலையை அவர் கேட்கவும் இல்லை, அதனால் அவருக்குப் பயனும் இல்லை. அலுவலகம் மொத்தத்தை ஏழால் வகுத்து எழுதிய குறிப்பை நாங்கள் ஐந்து பேரும் வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டோம். சொலிசிட்டருக்கும் நமக்கும் உள்ள கணக்கு ஒன்று, நமக்குள் உள்ள கணக்கு இன்னொன்று. இரண்டாவதைப் போட்டுத் தருவது அவர்கள் வேலை இல்லை. அப்படியானால் ஏழால் வகுத்த அந்தக் குறிப்பையும் அவர்கள் எழுதியிருக்கக் கூடாது. அது ஓர் அண்டை வீட்டுப் பெண்மணியை ஏமாற்றுக்காரர் ஆக்கியது. இருவர் கட்டாத 3,440ஐவிட இது எனக்குப் பெரிய நட்டமாகப் படுகிறது.

குறைக்கப்பட்ட பில்லின்படி, அவர் விலகிய பின் நடந்த வேலை வரியோடு 8,280, அது ஆறு பேருக்கு, ஆளுக்கு 1,380. முந்தைய 1,080ஐயும் சேர்த்தால், கடைசிவரை இருந்த ஒவ்வொருவரின் நியாயமான பங்கு 2,460. நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கு 2,848 கட்டியிருந்தோம், 388 அதிகம். அந்த 388 ஐந்து முறை, 1,940. மூன்றாம் எண் தர வேண்டிய 280ஐயும் எட்டாம் எண் தர வேண்டிய 1,660ஐயும் கூட்டினால் அதே 1,940 வருகிறது. கணக்கு ஒரு பென்னிகூடப் பிசகாமல் பொருந்தியபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

இப்படி அதிகமாகக் கட்டியவர் மற்றவர்களிடம் திருப்பிக் கேட்கலாமா? கேட்கலாம். ஒப்பந்தம் எழுதி வைக்காவிட்டாலும் கேட்கலாம். இந்த உரிமை மிகப் பழையது. நூலகத்தில் புத்தகம் எடுத்துப் பார்த்தேன். 1787இல் ஒரு வழக்கு. சுங்கம் வசூலிக்கும் வேலையில் அமர்ந்த ஒருவருக்கு அவருடைய சகோதரரும், வின்செல்சீ பிரபுவும், இன்னொருவரும் ஆளுக்கு 4,000 பவுண்டுக்குத் தனித்தனி ஜாமீன் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் அரசுப் பணத்தைக் கட்டாமல் விட, சகோதரர் மேல் தீர்ப்பு வந்தது. அவர் பங்கு கேட்க, மற்ற இருவரும், எங்கள் பத்திரம் வேறு, உங்கள் பத்திரம் வேறு என்றார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரே சுமைக்குத் தோள் கொடுத்தவர்கள் அதைப் பகிர வேண்டும், அந்தக் கடமை அவர்களுக்குள் ஒப்பந்தம் இருந்ததா என்பதைப் பொறுத்தது அல்ல, நியாயத்தைப் பொறுத்தது என்றது. இரண்டு நூற்றாண்டு கடந்து ஒரு ஃபிளாட்டின் சமையலறை மேசையில் அது எனக்குத் தெம்பு தந்தது. வழிமுறையும் கடினமில்லை, 10,000 பவுண்டு வரையான தொகைக்கு கவுண்டி கோர்ட்டின் சிறு வழக்குப் பிரிவு இருக்கிறது, வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். ஆனால் எதிரில் நிற்பவர் வெளிநாட்டில் இருந்தால் அது வேறு கதை. சொலிசிட்டருக்கு அந்தத் தொல்லை கிடையாது. கூட்டுப் பொறுப்பு என்ற வரி அந்தத் தொல்லையை அப்படியே எங்களிடம் தள்ளிவிடுகிறது.

சொலிசிட்டர்கள் ஏன் அந்த வரியை வைக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஏழு பேரை ஏழு பக்கமும் துரத்த அவர்களால் முடியாது. நாங்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், அவர்கள் எங்களை அறியாதவர்கள். எங்களில் யாரை நம்பலாம் என்பதை எடைபோட வேண்டியவர்கள் நாங்கள்தான். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஒருவர் முகத்தைப் பார்த்து, “இந்த ஏழு பேரில் ஆறு பேர் கட்டாவிட்டாலும் முழுத் தொகையையும் உங்களிடம் கேட்போம், சம்மதமா?” என்று ஒரு முறை கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். அப்படிக் கேட்டிருந்தால் ஐயாவின் கேள்விக்கு அன்றே பதில் தேடியிருப்போம், 103 பவுண்டு பெரிதாகத் தெரிந்திருக்காது.

இதே அலுவலகத்துக்கு மறுபடி போவேனா என்று எட்டாம் எண்ணை வாங்கி வந்திருக்கும் இளம் தம்பதி கேட்டார்கள். போவேன். ஆனால் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு மட்டுமே பொறுப்பு என்று கடிதத்தில் மாற்றி எழுதச் சொல்வேன். சில அலுவலகங்கள் ஒப்புக்கொள்கின்றன. ஒப்புக்கொள்ளாவிட்டால் எல்லோருடைய பங்கும் முழுதாக முன்பணமாக வந்து சேரும்வரை அடுத்த கட்ட வேலையைத் தொடங்காதீர்கள் என்பேன். ஒப்பந்தத்துக்கு 720 பவுண்டு கேட்டால் பேரம் பேசாமல் கொடுப்பேன். பில் ஒவ்வொரு மாதமும் ஏழு பேருக்கும் வர வேண்டும். வேலைக்கு ஐந்து, கட்டண விளக்கத்துக்கு ஒன்று, புகாரை ஏற்ற விதத்துக்கு நான்கு. மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

மூன்றாம் எண் வீட்டம்மாவிடம் நேரப் பதிவை எடுத்துக்கொண்டு நானே போனேன். 280 என்றதும் அவர் அழுதுவிட்டார். 1,720 கேட்டு வந்த கடிதத்தைக் கணவருக்குத் தெரியாமல் அலமாரியில் வைத்திருந்தாராம். மறுநாள் பணம் வந்தது. எட்டாம் எண்ணுக்கு முழுக் கணக்கையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து 600 பவுண்டு போட்டார், மீதியைத் தவணையாகத் தருகிறேன் என்று எழுதினார். 1,060 இன்னும் வர வேண்டும்.